மதுரையிலிருந்து விமானத் தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையிலிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பதில் வரும். பஸ்ஸில் போகிறவர் 460 சொச்சம் என்பார். ரயிலில் போகிறவர் 490-க்கு மேல் என்பார். விமானக் கணக்கில் அது 418. மூன்றும் சரிதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால்தான் அதற்கப்புறம் போடும் நேரக் கணக்கு முழுக்கக் கோணிப்போகும்.

மதுரையில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இந்தக் கணக்கைத்தான் சொல்லித்தருவேன். அவர்கள் தடுக்கி விழும் இடத்திலேயேதான் கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களும் விழுகிறார்கள். கணக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. வரிசை மாறுவதால்தான் தப்பு வருகிறது. கீழே எண் போட்டிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

## 1. கையில் என்னென்ன வேண்டும்

சைன், கொசைன் போடக்கூடிய கால்குலேட்டர் வேண்டும். போனில் இருப்பதைப் பக்கவாட்டில் திருப்பினாலே அந்தப் பொத்தான்கள் வந்துவிடும். அது டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் முறையில் இருந்தால் வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. சோதிக்க ஒரு வழி: சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளும் வேண்டும். மனக்கணக்கு வேண்டாம், நேர வித்தியாசம் வரும் இடத்தில் எப்பேர்ப்பட்டவருக்கும் குழம்பும்.

பிறகு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையிலிருந்து மதுரைக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவதை எடுத்துத் தருகிறேன். முதல் எண் வடக்கு, இரண்டாவது கிழக்கு.

மதுரை 9.83, 78.09
சென்னை 12.99, 80.17
பெங்களூரு 13.20, 77.71
ஹைதராபாத் 17.24, 78.43
மும்பை 19.09, 72.87
டெல்லி 28.56, 77.10
கொழும்பு (கட்டுநாயக்க) 7.18, 79.88
துபாய் 25.25, 55.37
சிங்கப்பூர் 1.36, 103.99

## 2. ஊரை விடுங்கள், நிலையத்தைப் பிடியுங்கள்

இரண்டு ஊர்களுக்கு இடையில் விமானத் தூரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு நிலையங்களுக்கு இடையில்தான் உண்டு. கொழும்பு போகிறவர் இறங்குவது கட்டுநாயக்கவில். அது நகரத்துக்கு வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளி, நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோவாவுக்கு டபோலிம், மோப்பா என்று இரண்டு நிலையங்கள். துபாய்க்கும் இரண்டு.

அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் டிக்கெட்டில் போடும் மூன்றெழுத்துக் குறியீட்டை முதலில் தாளில் எழுதுங்கள். மதுரைக்கு அது ஐ.எக்ஸ்.எம். புதிதாக வருகிற பிள்ளைகள் எம்.டி.யு. என்று அடித்துப் பார்ப்பார்கள். அது பப்புவா நியூகினியில் உள்ள மெண்டி என்ற ஊரின் நிலையம். தூரம் கணக்குப் போடும் இணையதளம் தப்பென்று சொல்லாது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கூசாமல் காட்டும்.

நான்கெழுத்துக் குறியீடு கேட்கும் தளங்களில் இன்னும் கவனம் வேண்டும். மதுரை வி.ஓ.எம்.டி., சென்னை வி.ஓ.எம்.எம். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.

## 3. டிகிரியும் நிமிடமும்

அட்டையில் இல்லாத நிலையம் என்றால் போன் வரைபடத்தில் ஓடுதளத்தின் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், இரண்டு எண்கள் வரும். முனையக் கட்டடத்தின் மேல் வைத்தாலும் பெரிய பழுதில்லை. ஊர் பெயரைத் தேடி வரும் புள்ளியை மட்டும் எடுக்காதீர்கள். அது ஊரின் நடுவில் எங்கோ நிற்கும்.

இந்தப் படியில்தான் பெரிய தப்பு நடக்கும். சில ஆவணங்களில் அளவு டிகிரி, நிமிடம், விநாடி என்று இருக்கும். மதுரை நிலையம் 9 டிகிரி 50 நிமிடம் வடக்கு. அதைப் பார்த்ததும் கை தானாக 9.50 என்று எழுதிவிடும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 50-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். 0.83 வரும். 9.83 என்பதே சரி.

9.50 என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? 0.33 டிகிரி பிசகு, கிலோமீட்டரில் 37. மதுரை விமான நிலையத்தைத் தூக்கி அருப்புக்கோட்டைப் பக்கம் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சென்னைக் கணக்கில் அது முப்பது கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

## 4. பக்கத்து ஊர்களுக்குத் தூரம்

ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே போதும். வடக்கு தெற்காக ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. கிழக்கு மேற்காக அந்த 111-ஐ, இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால் இந்தப் பெருக்கல்.

மதுரை சென்னையைப் போட்டுக் காட்டுகிறேன்.

வடக்கு தெற்கு: 12.99 − 9.83 = 3.16. அதை 111-ஆல் பெருக்க 351 கி.மீ.
கிழக்கு மேற்கு: 80.17 − 78.09 = 2.08. நடு அட்சரேகை 11.4, அதன் கொசைன் 0.98. 2.08 × 111 × 0.98 = 226 கி.மீ.
351-ன் வர்க்கமும் 226-ன் வர்க்கமும் சேர்ந்தால் 1,74,277. வர்க்கமூலம் 417.

இன்னும் நுணுக்கமான எண்களை வைத்துப் போட்டால் 418 வரும். அந்த ஒரு கிலோமீட்டருக்காக யாரும் மெனக்கெட வேண்டாம்.

இதே முறையில் பெங்களூரு 376, ஹைதராபாத் 823. கொழும்பு 354. ஆமாம், மதுரைக்குச் சென்னையைவிடவும் பெங்களூருவைவிடவும் கொழும்பு நிலையம்தான் கிட்டத்தில் இருக்கிறது. கடையில் இதைச் சொன்னால் நம்பாமல் நிற்பவர்களிடம் தாளையும் பேனாவையும் கொடுத்துவிடுவேன், அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று.

## 5. தொலைதூர ஊர்களுக்குத் தூரம்

துபாய், சிங்கப்பூர் என்று போகும்போது பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரிவராது. சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் பாதை வில் மாதிரி வளைந்து தெரிவதைப் பார்த்து, ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பார்கள். உருண்டையின் மேல் அந்த வளைவுதான் மிகக் குறைந்த தூரம். ஒரு சாத்துக்குடியில் இரண்டு குண்டூசி குத்தி நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால் புரியும்.

வழிமுறை இது. இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள். அதைத் தனியே வையுங்கள். பிறகு இரண்டின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். கூட்டி வந்த எண் எந்தக் கோணத்தின் கொசைன் என்று கால்குலேட்டரின் cos⁻¹ பொத்தானை வைத்துக் கண்டுபிடித்து, அந்தக் கோணத்தை 111.2-ஆல் பெருக்குங்கள்.

மதுரை துபாய்:

சைன் 9.83 = 0.1707, சைன் 25.25 = 0.4266. பெருக்க 0.0728.
கொசைன் 9.83 = 0.9853, கொசைன் 25.25 = 0.9045. தீர்க்கரேகை வித்தியாசம் 22.72, அதன் கொசைன் 0.9224. மூன்றையும் பெருக்க 0.8220.
கூட்ட 0.8948. அதற்குரிய கோணம் 26.5 டிகிரி. 111.2-ஆல் பெருக்க ஏறக்குறைய 2,950 கி.மீ.

சிங்கப்பூருக்கு இப்படியே போட்டால் 3,015 வரும். மதுரையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட சம தூரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவது படியில் வேண்டியிருக்கும். டெல்லி 2,084, மும்பை 1,173.

தொலைதூரக் கணக்கைப் பக்கத்து ஊர்களுக்குப் போடாதீர்கள். ஏனென்றால், கொசைன் ஒன்றை நெருங்கும்போது சின்னத் தோராயம்கூடப் பெரிதாக அடிக்கும். சென்னைக்கு இந்த முறையில் 0.99785 வர வேண்டும். அதை 0.998 என்று சுருக்கி எழுதினால் 418 கி.மீ. என்பது 403 ஆகிவிடும்.

## 6. மைலா, கடல் மைலா?

விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் தூரம் பெரும்பாலும் கடல் மைலிலும் வேகம் நாட் (knot) என்ற அலகிலும் இருக்கும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., தரையில் நாம் சொல்லும் மைல் 1.609 கி.மீ. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

மதுரை சென்னை 226 கடல் மைல். அதைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.6-ஆல் பெருக்கினால் 362 கி.மீ. வரும். எந்தத் தளத்தில் எண்ணை எடுத்தாலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே தாளில் எழுதுங்கள்.

## 7. பறக்கும் நேரம்

விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும், 418-ஐ அதால் வகுத்தால் அரை மணி நேரம். இதுதான் எல்லோரும் முதலில் போடும் கணக்கு. சென்னைக்கு அரை மணியில் யாரும் போனதில்லை.

காரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், அதனால் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பெரும்பாலும் மேற்கே பார்த்துக் கிளம்பி, பிறகு திரும்பி வடகிழக்கே சென்னைக்குப் போகும். அங்கேயே சில கிலோமீட்டர் கூடிவிட்டது. அதன் பிறகும் நேர்கோட்டில் போவதில்லை, வான்பாதைகளில்தான் போகும்.

ஏறி முடித்து ஓட்டம் பிடித்ததும் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. எத்தனை ஆயிரம் அடி உயரமோ அதை மூன்றால் பெருக்கினால், அத்தனை கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 33,000 அடி என்றால் 99 கடல் மைல், அதாவது 183 கி.மீ. சென்னைக்கு 183 கி.மீ. முன்னால் என்றால் விருத்தாசலம் பக்கம். அடுத்த தடவை ஜன்னலோரம் கிடைத்தால் காதைக் கவனியுங்கள், எந்த அறிவிப்பும் வருமுன்னே லேசாக அடைக்கும். முழு வேகத்தில் ஓடும் தூரம் இந்தச் சின்னப் பயணத்தில் மிகக் குறைவு.

ஆகவே நான் சொல்லித்தரும் கணக்கு: தூரத்தை 800-ஆல் வகுங்கள். வருவதோடு 30 நிமிடம் கூட்டுங்கள். 830-ஐ விட்டு 800 எடுப்பது வளைந்து போகும் பாதைக்காக. அந்த 30 நிமிடம் ஏற, இறங்க, தரையில் ஊர்ந்து போக.

சென்னை: 31 + 30, ஒரு மணி நேரம்.
ஹைதராபாத்: ஒரு மணி 32 நிமிடம்.
மும்பை: ஒரு மணி 58 நிமிடம்.
டெல்லி: 3 மணி 6 நிமிடம்.
துபாய்: 4 மணி 11 நிமிடம்.
சிங்கப்பூர்: 4 மணி 16 நிமிடம்.

இறக்கைக்கு முன்னால் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். விமானம் என்றால் 800-க்குப் பதில் 500 போடுங்கள். சென்னைக்கு அது ஒரு மணி 20 நிமிடம். ஜெட்டுக்கும் அதற்கும் இருபது நிமிடம்தான் வித்தியாசம். குறைந்த தூரத்தில் ஜெட்டின் வேகத்துக்கு வேலையே இல்லை. விமான வகையைப் பார்த்துப் பயந்து கூடுதல் காசு கொடுத்து நேரத்தை மாற்றுகிறவர்களிடம் இதைச் சொல்லித் தடுத்திருக்கிறேன்.

காற்றின் கணக்கும் கொஞ்சம் உண்டு. குளிர்மாதங்களில் வட இந்தியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் மேலே மேற்கிலிருந்து பலமான காற்று ஓடும். அப்போது துபாய் போகும்போது இழுக்கும், வரும்போது தள்ளிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். அப்போது சிங்கப்பூர் போகிறவருக்குத்தான் எதிர்க்காற்று. டெல்லிக்கு வடக்கே நேராகப் போவதால் காற்று குறுக்கே அடிக்கும், போக வர அதிக வித்தியாசம் தெரியாது.

## 8. டிக்கெட்டில் உள்ள நேரமும் கடிகாரமும்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் என்று இருப்பது விமானம் நின்ற இடத்தை விட்டு அசையும் நேரம். சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அது இல்லை. வந்து சேரும் நேரம் என்பதும் போய் நின்றுவிட்ட நேரம்தான். இதோடு தாமதத்துக்கென்று கொஞ்சம் இடமும் விட்டுத்தான் அட்டவணை போடுவார்கள், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. அதனால் நம் கணக்கைவிட 10 முதல் 20 நிமிடம் டிக்கெட்டில் கூடுதலாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். அரை மணிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழியில் எங்காவது நின்று போகிறதா என்று பாருங்கள்.

இனி இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம்.

மேலூர் பக்கத்துத் தம்பி ஒருவர் துபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, போகும்போது ரெண்டே முக்கால் மணி நேரம், வரும்போது அஞ்சே முக்கால் மணி நேரமா? திரும்பி வர்ற விமானம் எங்கயோ சுத்திட்டு வருது, வேற போடுங்கண்ணே" என்று நின்றார். இரண்டும் நேர் விமானம்தான். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது அந்த ஒன்றரை மணி கழிந்து காட்டுகிறது, வரும்போது கூடிக் காட்டுகிறது.

எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று மனப்பாடம் செய்யாதீர்கள், அவசரத்தில் மாறிப்போகும். இரண்டு நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றி எழுதிவிட்டு, பிறகு கழியுங்கள்.

உதாரணத்துக்கு மதுரையில் காலை 11.00-க்குக் கிளம்பி துபாயில் பகல் 1.45-க்குச் சேருவதாக வைத்துக்கொள்வோம். துபாயில் 1.45 என்றால் நம் ஊரில் 3.15. 11.00-லிருந்து 3.15 வரை 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது துபாயில் காலை 5.00, அதாவது நம் ஊரில் 6.30. மதுரைக்கு 10.40-க்கு வந்தால் 4 மணி 10 நிமிடம். இரண்டும் ஏழாம் படியின் விடைக்கு ஒத்துப்போகிறது.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். மதுரையில் இரவு 10.00-க்கு ஏறி அங்கே விடிகாலை 4.50-க்கு இறங்கினால் பார்வைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். 4.50 என்பது நம் ஊரில் 2.20, ஆக 4 மணி 20 நிமிடம்தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சம தூரம் என்று மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஒன்று ஓடி எட்டும் தூரத்திலும் மற்றது எங்கோ தொலைவிலும் இருப்பது மாதிரித் தெரியும்.

மஸ்கட்டும் துபாய் மாதிரி ஒன்றரை மணி பின்னால். தோஹா, குவைத், ரியாத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். மலேசியா, சிங்கப்பூர் நேரம்தான். இலங்கைக்கு நம் நேரமே. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணியும் பின்னால்.

தேதியையும் இங்கேயே பாருங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் சேருகிறது என்று பொருள். அதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவு தாண்டிய விமானங்களில். திங்கட்கிழமை 00.40 என்றால் ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் போக இருந்த ஒரு அம்மாவுக்கு வேறொரு இடத்தில் டிக்கெட் போட்டிருந்தார்கள், அதில் இப்படி ஒரு நேரம். குடும்பமே வேன் வைத்துத் திங்கட்கிழமை ராத்திரி வந்து நின்றது. விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. முறுக்கும் அதிரசமும் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நள்ளிரவு விமானம் என்றால் "ஞாயிறு இரவு 9 மணிக்கு நிலையத்தில் இருக்கவும்" என்று டிக்கெட்டின் மேலேயே சிவப்பு மையில் தமிழில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

## 9. மாறிப் போகும் விமானம்

வழியில் இறங்கி வேறு விமானம் மாறுவதாக இருந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே போட்டுப் பிறகு கூட்டுங்கள்.

மதுரையிலிருந்து டெல்லிக்கு நேராக 2,084 கி.மீ. சென்னை வழியாக 418 + 1,760, ஆக 2,178. கூடுதல் 94 கி.மீ.தான். ஆனால் ஏறி இறங்கும் அரை மணி இரண்டு தடவை வருகிறது, நடுவில் காத்திருப்பதும் சேருகிறது. மூன்று மணிப் பயணம் ஆறு, ஏழு மணி ஆவது அப்படித்தான். தூரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கிளம்பியதிலிருந்து சேரும் வரையான மொத்த நேரத்தைப் பாருங்கள்.

இரண்டு துண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பது தூரக் கணக்கில் சேராது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. தனித்தனியாக வாங்கியிருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் உங்களுடையதுதான் போகும். பெட்டியை எடுத்து மறுபடியும் போடவும் வேண்டியிருக்கும். அதற்கு மூன்று மணி நேர இடைவெளிக்குக் குறையாமல் வையுங்கள்.

## 10. எந்த நிலையத்திலிருந்து கிளம்புவது

மதுரைக்காரர்களுக்குக் கேள்வியே இல்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு உண்டு. காரைக்குடிக்கு மதுரை நிலையமும் திருச்சி நிலையமும் ஏறக்குறைய ஒரே தூரம். வெளிநாட்டு விமானங்கள் திருச்சியில் அதிகம் என்பதால் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அங்கே பார்த்துவிட்டுப் பிறகு மதுரையைப் பாருங்கள். கோவில்பட்டிக்காரர்களுக்குச் சென்னை செல்லத் தூத்துக்குடி நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல், விருதுநகர், சிவகாசி என்றால் மதுரைதான்.

மதுரை ஓடுதளம் 2,285 மீட்டர். இங்கே வந்து போவது சீட்டுகளுக்கு நடுவில் ஒரே நடைபாதை உள்ள நடுத்தர விமானங்களும் ஏ.டி.ஆரும். லண்டன், அமெரிக்கா என்று போகிறவர்கள் எப்படியும் ஓர் இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும், ஒன்பதாம் படி அவர்களுக்குக் கட்டாயம்.

## 11. வீட்டிலிருந்து கிளம்பும் நேரம்

இதைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். வீட்டிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு இடத்திலும் ஆசையாகக் குறைத்துக்கொண்டே போவோம்.

உசிலம்பட்டியிலிருந்து பகல் 2.00 மணிச் சென்னை விமானத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

2.00: விமானம் அசையும் நேரம்.
1.35: ஏறும் வாசலை மூடும் நேரம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள்.
1.00: பெட்டி போடும் கவுண்டர் மூடும் நேரம். பெரும்பாலும் 60 நிமிடம் முன்பு, உங்கள் டிக்கெட்டில் உள்ளதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
12.00: நிலைய வாசலில் இருக்க வேண்டிய நேரம். உள்நாட்டுக்கு இரண்டு மணி, வெளிநாட்டுக்கு மூன்று மணி முன்பு.
10.30: உசிலம்பட்டியில் கார் கிளம்ப வேண்டிய நேரம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, செக்கானூரணியில் ஒரு நெரிசல், திருமங்கலம் பக்கம் ஒரு நெரிசல் என்று வைத்து ஒன்றரை மணி விடுங்கள்.

சென்னையில் 3.20-க்கு இறங்கி, பெட்டி வந்து வெளியே வர 3.50. தாம்பரம் பக்கம் என்றால் நாலரைக்கு வீடு, வடசென்னை என்றால் ஐந்தரை ஆகும். ஆக 6 முதல் 7 மணி நேரம். மதுரை ஜங்ஷன் அருகே வீடும் சென்னையில் எழும்பூர் அருகே வேலையும் இருப்பவருக்குத் தேஜஸ் ரயில் ஆறரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அவரிடம் விமானம் வேண்டாம், ரயிலே போதும் என்று நானே சொல்லி அனுப்புவேன்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுத்தாவணியில் இறங்கினால் நிலையம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நகருக்குள் நுழையாமல் ரிங் ரோடு வழியாகவே போகச் சொல்லுங்கள். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து அவனியாபுரம், பெருங்குடி வழி தூரம் குறைவுதான், சாயங்கால நேரத்தில் அதை நம்ப முடியாது.

முகூர்த்த நாள் என்றால் அரை மணி கூட்டுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கும் அதற்கு முந்தைய ராத்திரி எதிர்சேவைக்கும், வடக்கேயிருந்து வருகிறவர்கள் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கமே வண்டியை விடாதீர்கள். மேலூர், அழகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரிங் ரோட்டைப் பிடித்து, வழக்கத்தைவிட ஒன்றரை மணி முன்னதாகவே கிளம்புங்கள்.